வருமான வரித் தாக்கல்: எந்தக் காகிதத்துக்குக் காத்திருப்பது, எதற்குக் காத்திருக்க வேண்டாம்

2024 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, முதன்முறையாக நானே என் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தேன். நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. 17,680 ரூபாய் திரும்ப வரும் என்று திரையில் காட்டியது. "மக்கா, இதுக்குப் போயி ஆடிட்டருக்கு ரூவா குடுக்கியா?" என்று ஆபீஸில் இரண்டு பேரிடம் பெருமை வேறு பேசினேன்.

ஜூலையில் மின்னஞ்சல் வந்தது. கணக்கு குறையுள்ளதாம், 15 நாளில் சரிசெய்ய வேண்டுமாம். சரிசெய்து பார்த்தால், எனக்கு வரவேண்டியது ஒன்றுமில்லை. நான்தான் 14,560 ரூபாய் வரியும், வட்டியாக ஆயிரத்து முன்னூற்றுச் சொச்சமும் கட்ட வேண்டியிருந்தது.

தப்பு இவ்வளவுதான். முந்தைய செப்டம்பர் வரை நாகர்கோவிலில் இருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். மாசம் 70,000 சம்பளம், வரி பிடித்தார்கள். அக்டோபரில் ஊரிலேயே 65,000 சம்பளத்தில் வேறு வேலை. இங்கே வரி பிடிக்கவில்லை. பழைய கம்பெனிக்காரன்தான் வரி பிடித்துவிட்டானே, அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது என்று நினைத்து, புதிய கம்பெனி சம்பளத்தை மட்டும் எழுதினேன். பழைய கம்பெனி பிடித்த வரியோ படிவத்தில் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. சம்பளத்தைக் காட்டாமல் அதில் பிடித்த வரியை மட்டும் திருப்பிக் கேட்டால் துறை விடுமா?

சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி கம்பெனி தரும் சான்றிதழான ஃபாரம் 16 வரும்வரை இரண்டு மாசம் பொறுத்திருந்தால் இந்தத் தப்பு என் கண்ணிலேயே பட்டிருக்கும். இதை எழுதுவது 2025 ஜூன் கடைசி வாரத்தில். கீழே உள்ள தொகைகளும் தேதிகளும், சம்பாதித்த வருஷமான 2024-25 நிதியாண்டுக்கு, அதாவது அதற்குக் கணக்குப் போடும் 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியவை.

1. முதலில் தேதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மார்ச் 31-இல் வருஷம் முடிகிறது. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை உங்களிடம் பிடித்த வரியின் விவரத்தைத் துறைக்குக் கொடுக்க கம்பெனிக்கும் வங்கிக்கும் மே 31 வரை அவகாசம் உண்டு. முழு வருஷச் சம்பளப் பிரிப்பும் அந்தக் கடைசிக் காலாண்டு அறிக்கையோடுதான் போகிறது. ஏப்ரலிலோ மே மாதத்திலோ தளத்தைத் திறந்தால் பாதி நிரம்பிய படிவம்தான் கிடைக்கும். நான் விழுந்தது இந்தக் குழியில்தான். அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதியே தாக்கல் திறந்திருந்தது. கடை திறந்தாயிற்று என்பதால் சரக்கும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஃபாரம் 16-ம், வட்டியில் பிடித்த வரிக்கு வங்கி தரும் ஃபாரம் 16ஏ-யும் ஜூன் 15-க்குள் கைக்கு வர வேண்டும். ஆகவே ஜூன் மூன்றாவது வாரத்துக்கு முன் உட்காராதீர்கள்.

தணிக்கை தேவைப்படாத தனிநபருக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. 2025-இல் நான் இதை எழுதும்போது அதை செப்டம்பர் 15 வரை நீட்டியிருந்தார்கள். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. டிசம்பர் 31-க்குப் பிறகு தாமதக் கணக்கும் போட முடியாது.

ஒரு எச்சரிக்கை. கட்ட வேண்டிய பாக்கி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், முன்கூட்டியே வரி கட்டாததற்கான வட்டி மாசம் 1 சதவீதம் ஏப்ரலில் இருந்தே ஓடும். கடைசி நாளைத் தள்ளிவைத்ததால் இந்த வட்டி நிற்காது. கணக்குப் போட்டுப் பார்த்து பாக்கி தெரிந்தால் உடனே கட்டிவிடுங்கள்.

2. ஃபாரம் 16: வருமா, வராதா என்று முதலில் கேளுங்கள்

ஃபாரம் 16-இல் இரண்டு பகுதி. 'ஏ' பகுதியில் காலாண்டு வாரியாகப் பிடித்த வரி, வரி பிடிப்பவர் என்ற முறையில் கம்பெனிக்கு உள்ள டான் எண், சான்றிதழ் எண் எல்லாம் இருக்கும். அது துறையின் டிரேசஸ் தளத்தில் இருந்து இறக்கியதாக இருக்க வேண்டும். 'பி' பகுதியில் சம்பளம், படிகள், கழிவுகள். சில இடங்களில் 'பி' பகுதியை மட்டும் தட்டச்சு செய்து சீல் வைத்துக் கொடுத்து, இதுதான் ஃபாரம் 16 என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 'ஏ' எங்கே என்று கேளுங்கள். 'ஏ' இல்லை என்றால் பிடித்த வரியைத் துறையிடம் இன்னும் சேர்க்கவில்லை என்றும் அர்த்தமாகலாம்.

இதற்கு நேர்மாறான குழியும் உண்டு. உங்கள் சம்பளத்தில் வரியே பிடிக்கவில்லை என்றால் ஃபாரம் 16 தர வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று வேலை பார்க்கும் பலர் ஜூலை வரை காத்திருந்து, பிறகுதான் அப்படி ஒன்று வராது என்று தெரிந்துகொள்கிறார்கள். அவர்கள் சம்பளச் சான்றிதழ் ஒன்று எழுதி வாங்கி, பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டோடும் வங்கியில் வரவான தொகையோடும் ஒப்பிட்டால் போதும்.

வரி பிடித்துவிட்டு ஃபாரம் தராமல் இழுத்தடித்தால், மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்டால் "நாளைக்கு" என்பார்கள். ஜூன் 15-க்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அபராதம் அவர்கள் தலையில் விழ வாய்ப்புண்டு என்பதை ஒரு வரியில் பணிவாகச் சேர்த்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

3. வருஷ நடுவில் வேலை மாறினீர்களா?

இரண்டு ஃபாரம் 16 வேண்டும். இரண்டு சம்பளத்தையும் கூட்டிய பிறகு நிலையான கழிவை ஒரே ஒருமுறை கழிக்க வேண்டும். அது இப்போது இயல்பாக வரும் புதிய வரிமுறையில் 75,000, கழிவுகள் அதிகம் உள்ள பழைய முறையில் 50,000. இரண்டு கம்பெனியும் தனித்தனியாக இந்தக் கழிவையும் வரியில்லாத வரம்பையும் கொடுத்திருக்கும். அதனால் கூட்டிப் பார்க்கும்போது பாக்கி விழுவது சகஜம்.

என் கணக்கையே பாருங்கள். பழைய இடத்தில் ஆறு மாசம் 4,20,000, புதிய இடத்தில் ஆறு மாசம் 3,90,000, கூட்டினால் 8,10,000. அந்த வருஷக் கழிவு 50,000 போக 7,60,000. வரி 32,240. பிடித்தது 17,680. மீதிதான் அந்த 14,560. ஒரு சிட்டையின் பின்பக்கத்தில் போடுகிற கூட்டல் கழித்தல் இது. நான் போடவில்லை.

இனி வேலை மாறுகிறவர்கள், சேர்ந்த முதல் மாசமே பழைய சம்பள விவரத்தை ஃபாரம் 12பி-யில் எழுதி புதிய இடத்தில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் சேர்த்துக் கணக்கிட்டு மாசாமாசம் பிடித்துக்கொள்வார்கள். பழைய கம்பெனியில் உங்கள் மின்னஞ்சலை முடக்கும் முன் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு வருவதும் முக்கியம். என் பழைய ஃபாரம் 16 நான் திறக்கவே முடியாத பெட்டிக்குப் போய்க் கிடந்தது.

4. வட்டிச் சான்றிதழ்கள்

நிரந்தர வைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் வட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். நெட்பேங்கிங் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. 2024-25-இல் ஒரு வங்கியில் வருஷ வட்டி 40,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் வரி பிடித்திருப்பார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரம்பு 50,000. 2025 ஏப்ரலில் இருந்து அது 50,000, 1,00,000 என்று உயர்ந்திருக்கிறது. ஆனால் 2024-25 கணக்குக்குப் பழைய வரம்புதான்.

வரி பிடிக்காத வட்டியைக் காட்ட வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் பலமாக இருக்கிறது. தப்பு. வங்கியில் 15ஜி, 15எச் படிவம் எழுதிக் கொடுத்தது பிடித்தத்தை நிறுத்தத்தான், வட்டி அப்போதும் வருமானம்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட பணத்தின் வட்டிக்குப் பெரும்பாலும் வரி பிடிப்பதில்லை. அது துறையின் பட்டியலில் தெரியாமல் போகலாம். அதையும் நாம்தான் சேர்க்க வேண்டும். சங்கத்தில் பாஸ்புக்கைக் கொடுத்து மார்ச் 31 வரை வட்டி போட்டுத் தரச் சொல்லுங்கள். தபால் நிலையத்திலும் அப்படியே. சேமிப்புக் கணக்கில் விழும் சில்லறை வட்டியும் இதில் சேரும்.

5. 26ஏஎஸ், ஏஐஎஸ்: இரண்டையும் இறக்கி அருகருகே வையுங்கள்

துறையின் இ-ஃபைலிங் தளத்தில் பான் எண்ணைக் கொண்டு உள்ளே போனால் இரண்டும் கிடைக்கும். 26ஏஎஸ் என்பது உங்கள் பெயரில் பிடித்துக் கட்டிய வரியின் பட்டியல். ஏஐஎஸ் அதைவிடப் பெரியது. சம்பளம், வட்டி, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விற்பனை, நிலம் வாங்கியது என்று நீளும். ஏஐஎஸ் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல்: பான் எண் சிறிய எழுத்துகளில், அதை ஒட்டிப் பிறந்த தேதி எட்டு இலக்கத்தில்.

ஃபாரம் 16-இன் 'ஏ' பகுதியில் உள்ள நான்கு காலாண்டுத் தொகையும் 26ஏஎஸ்-ஸில் அப்படியே இருக்கிறதா என்று டிக் போடுங்கள். நான்காவது காலாண்டு இல்லை என்றால் தாக்கல் செய்யாதீர்கள். கம்பெனிதான் திருத்த அறிக்கை போட வேண்டும், உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பிடித்த வரிக்கு 26ஏஎஸ், வருமானம் விட்டுப்போயிற்றா என்று பார்க்க ஏஐஎஸ். இதுதான் நான் வைத்திருக்கும் கணக்கு.

ஏஐஎஸ் சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. அம்மாவின் பணத்தில் போட்ட ஒரு வைப்பில், வங்கிக்கு அலைவது நான்தானே என்று என் பெயரை முதலில் எழுதியிருந்தோம். வட்டி முழுக்க என் ஏஐஎஸ்-ஸில் ஏறியிருந்தது. பட்டியலில் அந்த வட்டிக்கு அருகில் கருத்துச் சொல்ல இடம் உண்டு. இது வேறு ஒருவருடைய வருமானம் என்று பதிந்து, அம்மாவின் கணக்கில் காட்டினோம். பிறகு வங்கியில் பெயர் வரிசையையும் மாற்றிவிட்டோம். வீட்டுக்கு வீடு இப்படிக் கூட்டுக் கணக்கு இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

6. விளையில் ரப்பரோ தென்னையோ நிற்கிறதா?

குமரி மாவட்டத்தில் சம்பளக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, சரி. அதனால் எழுத வேண்டாம் என்று அர்த்தமில்லை. வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் இருந்தால் எளிய படிவமான ஐடிஆர்-1 உங்களுக்குக் கிடையாது. ஐடிஆர்-2 தான். ஐம்பது சென்ட் ரப்பரோ, பத்து மூடு தென்னையோ இருந்தாலே 5,000-ஐத் தாண்ட இடமிருக்கிறது. விளை உங்கள் பெயரில் இருந்து, விற்ற பணம் உங்கள் கணக்கில் விழுந்தால் அது உங்கள் வருமானம். அப்பா பெயரில் இருந்தால் அப்பாவுடையது.

நாம் ஷீட் அடித்துக் காய வைத்து விற்பதும், ஒட்டுப்பால் விற்பதும் விவசாய வருமானமே. புதிய முறையில் மற்ற வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினால், வரி விகிதத்தைத் தீர்மானிக்க மட்டும் விவசாய வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு நேரடியாக வரி விழாது, ஆனால் சம்பளத்தின் வரி கொஞ்சம் ஏறலாம்.

இதற்கு எந்த ஃபாரமும் யாரும் அனுப்ப மாட்டார்கள். காத்திருந்து பயனில்லை. ரப்பர் கடைச் சீட்டு, தேங்காய்க்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு, வெட்டுக் கூலி, உரம், மழைக்காப்பு பிளாஸ்டிக், களைவெட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வரவில் செலவைக் கழித்தது வருமானம். ஜூனில் மழை பிடித்து வெட்டு நிற்கும் நாட்கள் இதற்கு வசதி. நிகர வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் நிலத்தின் மாவட்டம், பின்கோடு, பரப்பளவு, சொந்தமா குத்தகையா என்பதும் கேட்பார்கள். பட்டா நகலைக் கையில் வையுங்கள்.

ஐடிஆர்-1-ம் 4-ம் 2025 ஜூன் தொடக்கத்திலேயே இணையத்தில் திறந்துவிட்டன. ஐடிஆர்-2 நான் இதை எழுதும்வரை திறந்திருக்கவில்லை. அவசரப்பட்டு ஐடிஆர்-1-இல் போடாமல் பொறுத்திருங்கள்.

7. வீட்டில் ஒருவர் வளைகுடாவில் இருந்தால்

அவர் வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ்பவர் என்றால் அவருக்கும் ஐடிஆர்-1 கிடையாது. வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கு வட்டிக்கு வரி இல்லை. ஊரில் வரும் பணத்தைப் போடும் என்ஆர்ஓ கணக்கு வட்டிக்கு, வரம்பு எதுவும் பார்க்காமல், முதல் ரூபாயில் இருந்தே 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். ஊரில் வேறு வருமானம் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் தாக்கல் செய்தால்தான். வங்கியின் ஃபாரம் 16ஏ-க்காகக் காத்திருங்கள். ஆதார் ஓடிபி வரும் இந்திய சிம் அங்கே வேலை செய்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். கடைசி இரவில் ஓடிபி-க்காக ஊரில் இருக்கும் தம்பியை எழுப்புவது எங்கள் தெருவில் வருடாந்திரச் சடங்கு.

8. பான், ஆதார், வங்கிக் கணக்கு

மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். நம் இனிஷியல் இங்கே படுத்தும் பாடு பெரிது. ஆதாரில் இனிஷியல், பானில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் இனிஷியல் பின்னால். இப்படி இருந்தால் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு நின்றுவிடும். சரிபார்க்காத கணக்குக்குத் திரும்பத் தரும் பணம் வராது. வங்கிகள் இணைந்த பிறகு ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருந்தால் அதையும் புதுப்பியுங்கள்.

ஆதாரில் போன் எண்ணை ஆதார் சேவை மையத்தில் மாற்றலாம். பானும் ஆதாரும் இன்னும் இணைக்கவில்லை என்றால் 1,000 ரூபாய் கட்டி இணைக்க வேண்டும். இந்த வேலைகளைக் காகிதங்களுக்குக் காத்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களிலேயே முடியுங்கள்.

9. தாக்கல் செய்யும் நாள்

புதிய வரிமுறைதான் இப்போது இயல்பாக வந்து நிற்கும். எல்ஐசி, வீட்டுக்கடன், வாடகை என்று கழிவு பெரிதாக இருந்தால் பழையதையும் போட்டுப் பாருங்கள். பழைய முறை வேண்டும் என்றால் கடைசி நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதக் கணக்கில் அந்தத் தேர்வு கிடையாது. பாலிசி எண், கட்டிய வாடகை போன்ற விவரங்களை இப்போது கேட்கிறார்கள். ரசீது இல்லாத கழிவைப் போடாதீர்கள்.

12 லட்சம் வரை வரியே இல்லையாமே என்று இந்த மாசம் குறைந்தது ஆறு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அது 2025 ஏப்ரலுக்குப் பிறகு சம்பாதிக்கும் பணத்துக்கு. 2024-25 கணக்கில், புதிய முறையில் வரம்பு 7 லட்சம்தான். சம்பளக்காரருக்கு 75,000 கழிவோடு சேர்த்து 7,75,000.

படிவத்தில் தானாக நிரம்பி வருவதை நம்பி 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் கையில் உள்ள காகிதத்தோடு பாருங்கள். பாக்கி இருந்தால் தளத்திலேயே கட்டலாம். மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று தேர்ந்தெடுங்கள். 2024-25 என்று அழுத்தினால் பணம் வேறு வருஷத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

10. செலவு

தளத்தில் நாமே தாக்கல் செய்ய ஒரு பைசா கிடையாது. ஒரே சம்பளம், கொஞ்சம் வட்டி என்றால் நீங்களே செய்யலாம். பங்கு விற்றவர்கள், நிலம் விற்றவர்கள், கடை நடத்துகிறவர்கள் ஆடிட்டரிடம் போவது நல்லது. போகும்போதும் மேலே சொன்ன காகிதங்கள் எல்லாம் வேண்டும். செப்டம்பர் இரண்டாவது வாரம் அவர் வாசலில் நின்றால் உங்கள் ஏஐஎஸ்-ஸைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.

பெரிய தொகை திரும்ப வாங்கித் தருகிறேன், அதில் பங்கு கொடுங்கள் என்று வருபவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். இல்லாத கழிவைக் காட்டுவார்கள். பிடிபட்டால் மறைத்த வரியின் இரண்டு மடங்கு அபராதம் உங்கள் பான் எண்ணில்தான் விழும்.

11. சமர்ப்பித்த பிறகு

சமர்ப்பித்ததோடு வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ நெட்பேங்கிங் மூலமோ சரிபார்க்க வேண்டும். முடியாதவர்கள் ஐடிஆர்-வி ஒப்புகையில் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சரிபார்க்காத கணக்கு போடாத கணக்குக்குச் சமம்.

சில நாளிலோ வாரங்களிலோ துறையின் முடிவு மின்னஞ்சலில் வரும். அதைத் திறக்க ஏஐஎஸ் கோப்புக்குப் போட்ட அதே கடவுச்சொல்தான். நீங்கள் காட்டியதும் துறை கணக்கிட்டதும் பக்கம் பக்கமாக இருக்கும், வித்தியாசம் எந்த இடத்தில் என்று பாருங்கள். தப்பை நீங்களே கண்டுபிடித்தால், டிசம்பர் 31 வரை திருத்திய கணக்கு போடலாம். குறையுள்ள கணக்கு என்று வந்தால் 15 நாள்தான். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் அடிக்கடி பாருங்கள். எனக்கு வந்தது அதில்தான் ஒன்பது நாள் கிடந்தது.